பெரம்பூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

(பங்கின் பவள விழா மாலையில், நன்றித் திருப்பலியைத் தொடர்ந்து நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)





மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது, நம் பீடச் சிறுவரில் ஒருவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பங்கு இல்லத்துக்கு வந்து நின்றான். தோளில் பை, கையில் நோட்டுப் புத்தகம். "பாதர், எங்க ஊரின் சிறப்புன்னு நாலு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எங்க அத்தை பசங்க மைலாப்பூர்ல இருக்காங்க. அவங்க சாந்தோம், கபாலி கோயில், பீச்சுன்னு அடுக்குறாங்க. நம்ம பெரம்பூர்ல பார்க்கிறதுக்கு என்ன பாதர் இருக்கு?" என்று கேட்டான்.

நாம் உடனே, "லூர்து மாதா கோயில் இருக்கிறதே" என்றோம். "அது இருக்கு பாதர். வேற?" என்றான். வேறு? நாம் சற்று நேரம் யோசித்தோம். ரயில் நிலையம் என்றோம். கடைத்தெரு என்றோம். அவன் எழுதிக்கொள்ளவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி பாதர், நான் மெரினாவையே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்பார்ந்தவர்களே, அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் படித்தவர்கள் நாம். உரோமாபுரியின் ஏழு குன்றுகளையும் வரிசையாகச் சொல்லுவோம். புனித பவுலடியார் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறி எங்கே இறங்கினார் என்று படம் வரைந்து காட்டுவோம். ஆனால் நாள்தோறும் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற ஓட்டேரி நல்லா எங்கே போய்ச் சேருகிறதென்று கேட்டால் விழிப்போம். நாம் மேய்க்க வந்த மந்தை எந்த மண்ணில் நிற்கிறது என்று அறியாமலே இத்தனை நாள் மேய்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதன்பின் பெரியவர்களைக் கேட்டோம், நூல்களைப் புரட்டினோம், காலையில் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தோம். அந்தச் சிறுவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நம் ஊர் முதலில் ஒரு கிராமம். பிரம்பு மிகுந்த ஊர் ஆகையால் பிரம்பூர் என்றும், அதுவே பெரம்பூர் ஆயிற்று என்றும் சொல்வது வழக்கம். ஆங்கிலேயக் கம்பெனியார் 1639இல் இக்கடற்கரையில் கால் ஊன்றினார்கள். ஆயினும் நம் ஊர் அவர்கள் கைக்குப் போனது அதற்கு நூறாண்டுக்குப் பிறகே. 1742இல் ஆர்க்காட்டு நவாபு அவர்களுக்கு ஐந்து கிராமங்களை வழங்கினார். வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் என்பன அவை. இன்று எண்ணூர் பஸ்ஸில் எர்ணாவூரைத் தாண்டும்போது, அதுவும் நாமும் ஒரே சாசனத்தில் கைமாறிய உடன்பிறப்புகள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இங்கே படைவீரர் குடியிருப்பு வந்தது. பெரம்பூர் பாரக்ஸ் சாலை என்ற பெயரும், அதன் ஓரத்திலிருக்கும் பட்டாளம் என்ற பெயரும் அதன் எச்சங்கள். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, பொருள் ஒன்றே.

அந்தக் கிராமத்தை இன்றைய பெரம்பூராக ஆக்கியது 1856ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்டிரல் நிலையம் அப்போது கிடையாது. அது 1873இல் வந்தது. ராயபுரத்தின் அந்தப் பழைய நிலையக் கட்டடம் தன் தூண்களோடு இன்றும் நிற்கிறது. நம் நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அதுவே என்பார்கள்.

ராயபுரம் என்ற பெயரே நம்முடையது என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? இராயப்பர், அதாவது புனித பேதுரு, அவர் பெயரால் வந்ததே அவ்வூர்ப் பெயர். அங்குள்ள இராயப்பர் கோயிலை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் படகோட்டிகள். சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் இம்மக்கள் அலைகளைக் கிழித்துச் சென்று ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பார்கள். சீமையிலிருந்து இப்பட்டணத்துக்கு இறங்கிய இரும்பானாலும் இயந்திரமானாலும் அவர்களைக் கடக்காமல் கரைக்கு வர வழியே இருந்ததில்லை. பட்டணத்துச் செல்வமெல்லாம் அவர்கள் தோளில் ஏறி இறங்கியது. அவர்களோ தங்கள் கூலியில் மிச்சம் பிடித்து, தங்களைப் போலவே படகோட்டிப் பிழைத்த அப்போஸ்தலருக்கு ஓர் ஆலயம் எழுப்பினார்கள்.

ரயில் ஓடத் தொடங்கிய அதே 1856இல் நம் பெரம்பூரில் ரயில்வே பட்டறை தோன்றியது. இங்கிலாந்திலிருந்து ஓர் உதிரிப் பாகம் வரவேண்டுமானால் மாதக்கணக்கில் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். எனவே பழுது பார்க்கவும் பெட்டிகளைக் கட்டவும் இங்கேயே ஒரு பட்டறை தேவைப்பட்டது. அதற்கு வேண்டிய வெற்றிடமும் நம் பக்கம் இருந்தது. கொல்லரும் தச்சரும் வார்ப்படக்காரரும் பல மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வந்தன. கலப்பைக்குக் கொழு அடித்த கை கொதிகலனுக்கு ஆணி அடிக்கக் கற்றது. மதராஸ் ரயில்வே என்பது 1908இல் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ஆயிற்று. 1951இல் தெற்கு ரயில்வே ஆயிற்று. முதலாளிகள் மாறினார்கள்; பட்டறை மாறவில்லை.

இங்கே ஒரு சிறு செய்தி. மின்சார ரயிலில் அரக்கோணம் பக்கம் போகிறவர்கள் நம் ஊர்ப் பெயரை மூன்று முறை கேட்பார்கள். பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸ், பெரம்பூர் லோக்கோ வொர்க்ஸ். ஒரே ஊர்ப் பெயரில் அடுத்தடுத்து மூன்று நிலையங்கள்; அவற்றில் இரண்டுக்குப் பட்டறைகளின் பெயர்! வேறு ஊர்களில் கோயிலின் பெயராலும் மன்னரின் பெயராலும் நிலையம் இருக்கும். நம் ஊரில் வேலையின் பெயரால் இருக்கிறது. இதைவிட என்ன சிறப்பு வேண்டும்?

ரயிலுக்கு அடுத்து வந்தது மில். 1876 முதல் 1878 வரை இராசதானி எங்கும் கொடிய பஞ்சம். இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கஞ்சித் தொட்டியைத் தேடிப் பட்டணத்துக்கு வந்த மக்களுக்குக் கூலி கொடுக்கவென்று, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை அவர்களைக் கொண்டே வெட்டினார்கள். அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. நம் ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் போய்க் கலப்பது அந்தக் கால்வாயில்தான். பின்னி கம்பெனியார் அதே ஆண்டுகளில் தொடங்கிய மில்லுக்கும் அதே கோமகனின் பெயர். பக்கிங்காம் மில் அது. 1880களின் தொடக்கத்தில் கர்நாடிக் மில் அதன் துணையாயிற்று. 1920இல் இரண்டும் ஒன்றாயின. பஞ்சம் விரட்டி வந்த ஊர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அந்த மில் வாழ்வு கொடுத்தது. உலகப் போரில் சிப்பாய்கள் அணிந்த காக்கித் துணியும் இங்கே நெய்யப்பட்டது. மில் சங்கு ஊதினால் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, சூளை அத்தனையும் விழிக்கும். கடிகாரம் இல்லாத வீடு உண்டு. சங்கு கேட்காத வீடு இல்லை.

ஆனால் அந்தச் சங்கு இனிமையாக மட்டும் ஒலிக்கவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி நெசவாலையில் ஆண்கள் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கலாம். நண்பகல் உணவுக்கு அரைமணி நேரம். அதற்குள் கைகழுவி, உண்டு, திரும்பி நிற்க வேண்டும். தவறினால் தண்டனை. தொழிலாளர் இக்குறைகளை வீட்டுக்குப் போகும் வழியில் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும், அவர் நண்பர் இராமானுஜலு நாயுடுவிடமும் சொல்லி அழுவார்கள். இவ்விருவரும் பெரிய தலைவர்கள் அல்லர். பக்திச் சபை நடத்தி வந்த சிறு வணிகர்கள். கேட்டுவிட்டுச் சும்மாயிராமல், அன்னி பெசன்டு அம்மையாரின் பத்திரிகை அலுவலகத்துக்குச் சென்று பி.பி. வாடியாவைச் சந்தித்தார்கள். வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் இந்தியாவிலேயே இதுதான் என்று வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். பம்பாயில் அல்ல, கல்கத்தாவில் அல்ல, நம் தெருக்கோடியில்!

இதனை ஒரு கோயில் விழாவில் சொல்லலாமா என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லத்தான் வேண்டும். அதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், 1891இல், திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி உலகத் திருச்சபைக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார். நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்றும், தொழிலாளர் சங்கம் சேர்வது இயற்கை தந்த உரிமை என்றும் அதில் அறிவித்தார். சிங்கராயர் என்று நம் முன்னோர் அழைத்தது லியோ என்ற பெயரைத்தான். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, அந்தச் சுற்றுமடலை நினைவுகூர்ந்தே இப்பெயரைத் தேர்ந்ததாகத் தாமே சொன்னார். உரோமையில் திருத்தந்தை ஏட்டில் எழுதியதைப் பெரம்பூரில் ஒரு துணிக்கடைக்காரர், அம்மடலைப் பாராமலே, தம் கடை வாசலில் செய்து காட்டினார். தூய ஆவியானவர் தாம் விரும்பிய இடத்தில் வீசுகிறார் என்பது இதுதான்.

சங்கத்துக்குச் சோதனை உடனே வந்தது. 1920 இறுதியில் கம்பெனியார் வாடியா முதலிய தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார்கள். சங்கத்தை விட்டு வாடியா விலக வேண்டும் என்பது சமரசத்தின் விலையாயிற்று. தொழிலாளரின் நியாயத்தைப் பேசியதற்காக ஒருவரை வழக்கில் இழுக்கலாமா என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. அதன் பயனாக வந்ததே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். இன்று இந்நாட்டில் எந்த மூலையில் ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டாலும், அதன் வேரில் பெரம்பூர்த் தொழிலாளியின் வியர்வை உண்டு.

இதுவரை பெருமையைச் சொன்னோம். இனிச் சொல்வது பெருமை அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் உங்களுக்குப் பாதி உண்மையே சொன்னவர்கள் ஆவோம்.

1921இல் மீண்டும் வேலைநிறுத்தம். இம்முறை தொழிலாளர் ஒன்றாக நிற்கவில்லை. ஆதி திராவிட மக்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றார்கள். ஏன் சென்றார்கள்? ஒரு வாரம் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீடுகள் அவை. மேலும், மில்லுக்குள் ஒன்றாய் நின்றவர்கள் மில்லுக்கு வெளியே கிணற்றடியிலும் தெருவிலும் அவர்களை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அன்றாடம் தள்ளி வைத்துவிட்டு, ஆபத்து நாளில் மட்டும் தோழன் என்றால் யார் நம்புவார்? அவர்களுக்காக அன்று பேசியவர்களில் எம்.சி. ராஜா முதன்மையானவர். பகை வளர்ந்தது. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின. ஆகஸ்டு 29ஆம் தேதி போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அக்டோபர் மாதம் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. மூன்றாண்டுக்கு முன் இந்தியாவுக்கே வழிகாட்டிய சங்கம் பல ஆண்டுகள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. நீதிமன்றத்தின் தடையாணையையும் தாங்கிய சங்கம் அது. அதை உடைத்தது நாம் நமக்குள் போட்டுக்கொண்ட கோடு.

சகோதர சகோதரிகளே, அந்தக் கோடு 1921இல் அழிந்துவிட்டதா? நம் பங்கின் தொடக்க ஆண்டுகளில், எந்தத் தெருக்காரர் ஆலயத்தின் எந்தப் பக்கம் அமர்வது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அது பழங்கதை என்பீர்கள். சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு முந்தின இரவு, இதே முற்றத்தில், தேர் எந்தத் தெரு வரை போகலாம், எந்தத் தெருவுக்குள் திரும்பலாகாது என்று எழுந்த வாக்குவாதம் பழங்கதையா? நல்லா ஓரத்துத் தெரு குறுகலானது என்றார்கள். நாமும் அளந்து பார்க்காமலே தலையசைத்தோம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. இவ்வாண்டு நாமே நாடா எடுத்துச் சென்று அளந்தோம். தேர் தாராளமாகப் போகும்! தெரு குறுகலாயில்லை, நம் மனம்தான் குறுகலாயிருந்தது. நாளை மாலை பவள விழாத் தேர் முதலில் செல்வது அந்தத் தெருவுக்கே என்று பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. வடம் பிடிக்க எல்லாத் தெருவினரும் வரவேண்டும் என்று உங்கள் பங்குக் குருவாக நாம் கேட்டுக்கொள்கிறோம்.

மில்லின் கதை 1996இல் முடிந்தது. பல இடர்களுக்குப் பின் அது நிரந்தரமாக மூடப்பட்டது. நாம் அப்போது இளைஞர். சங்கு நின்ற பின்னும் பழக்கத்தால் அதே நேரத்துக்கு எழுந்து, செய்வதறியாது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்களைக் கண்டிருக்கிறோம். பின்பு அந்த மாபெரும் கூடங்களில் சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன. இன்று அவ்விடத்தில் அடுக்கு மாடிகள் எழுந்திருக்கின்றன.

இவ்வாண்டு மே முதல் தேதி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று, காணிக்கைப் பவனியில் அவரவர் தொழிற்கருவிகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். சுத்தியல் வந்தது, தையல் கத்தரி வந்தது, ஆட்டோ சாவி வந்தது, ஒரு பெண் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். கடைசியாக ஒரு பாட்டி முந்தானையை அவிழ்த்து, தேய்ந்துபோன ஒரு பித்தளைப் பில்லையை எடுத்து நம் கையில் வைத்தார். அதில் ஓர் எண் மட்டும் இருந்தது. மில்லில் வேலை பார்த்த அவர் கணவருடைய பில்லை. திருப்பலி முடிந்ததும், "இதை எப்படிம்மா வைத்திருக்கிறீர்கள்? கம்பெனியில் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டோம். "மில்லு மூடினப்போ யாரும் திருப்பிக் கேக்கல சாமி" என்றார். சற்று நின்று, "அவரையும் யாரும் கேக்கல" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. பில்லையில் எண் இருந்தது, பெயர் இல்லை. அவர் போன பின் அலுவலறைக்குச் சென்று ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தோம். அவருடைய மூத்த மகனின் பதிவில் தந்தையின் பெயர், தாயின் பெயர், தெரு எல்லாம் இருந்தன. பழைய பங்குக் குரு ஒருவர் நல்ல வழக்கமாகத் தந்தையின் தொழிலையும் குறித்திருந்தார்: "நெசவு, மில்." அன்று மதியம் வரை அந்த ஏடுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தோம். பிட்டர், வெல்டர், கலாசி, கொல்லர், தச்சர், கூலி, மீண்டும் பிட்டர். கம்பெனி எண்ணாக வைத்திருந்தவர்களைத் திருச்சபை பெயராக வைத்திருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளில் நாம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று அன்று ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.

அந்தப் பதிவேடுகளில் 1955க்குப் பின் ஒரு புதிய சொல் அடிக்கடி வருகிறது: ஐ.சி.எப். மே முதல் நாள் உழைப்பாளர் நாளாக இந்தியாவில் முதன்முதல் கொண்டாடப்பட்டது 1923இல், சென்னையில், சிங்காரவேலரால். அதே மே முதல் நாளைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தது 1955இல். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் தேதி, பிரதமர் நேரு நம் பகுதியில் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். தச்சரான சூசையப்பர் தம் திருநாளை அடைந்த ஆண்டிலேயே, தச்சருக்கும் கொல்லருக்கும் நம் ஊரில் இப்பெரிய ஆலை வந்தது.

ஸ்விட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் அது தொடங்கியது. முன்பெல்லாம் பெட்டியின் அடிச்சட்டம் ஒன்று; அதன்மேல் ஏற்றிய மரக்கூடு வேறு. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி மற்றதற்குள் செருகிக்கொண்டு உயிர்களைப் பலிகொள்ளும். பெரம்பூரில் செய்த பெட்டியோ, அடித்தளமும் சுவரும் கூரையும் ஒன்றாய் வெல்டு செய்யப்பட்ட எஃகுக் கூடு. மோதினாலும் எளிதில் ஒன்றுக்குள் ஒன்று செருகாது. இவ்வகைப் பெட்டி 2018 ஜனவரி வரை இங்கே செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிருந்தே பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற ரயில் வெளிவந்தது. காசியில் இறங்குகிறவரும் கவுகாத்தியில் ஏறுகிறவரும் நம் பங்கு மக்களின் கைவேலைக்குள் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய பெட்டிகளையும் எஞ்சின்களையும் காண விரும்பினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நியூ ஆவடி சாலையில் 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தாத்தா பெட்டிக்கு வெல்டு வைத்தவர் என்றால், அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று. நம் ரயில்வே மருத்துவமனையைக் கடந்து போகாதவர் நம்மில் யாருமில்லை. அடைபட்ட இருதய இரத்தக் குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவைச் சிகிச்சை இந்தியாவில் முதன்முதல் வெற்றிகரமாக நடந்தது அங்கேதான், 1975இல். செய்தவர் டாக்டர் கே.எம். செரியன், அவர் 2025இல் காலமானார். பெரும் பணக்காரருக்கென்று கட்டிய மருத்துவமனையில் அல்ல, ரயில்வே ஊழியருக்கென்று இருந்த மருத்துவமனையில் அது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

இறுதியாக, சிறுவன் "அது இருக்கு பாதர்" என்று ஒதுக்கிய நம் லூர்து அன்னை திருத்தலம். பிரான்சு நாட்டு லூர்து குகையில் தேவமாதா பெர்னதெத்துக்குக் காட்சி தந்தது 1858இல்; நம் ரயில் பட்டறைக்கு இரண்டு வயது. அந்த நூற்றாண்டு முடியுமுன்பே அன்னை நம் ஊரில் ஒரு சிற்றாலயத்தில் குடியேறிவிட்டாள். இன்று சலேசிய குருக்களின் பராமரிப்பில் மேலும் கீழுமாக இரண்டு ஆலயங்களுடன் உயர்ந்து நிற்கும் அத்திருத்தலத்துக்கு பிப்ரவரி 11ஆம் தேதி நாமெல்லாம் நடந்தே செல்கிறோம். பெர்னதெத் ஓர் ஏழை ஆலைக்காரரின் மகள். தந்தை வேலை இழந்து, பழைய சிறைக்கூடம் ஒன்றில் ஒற்றை அறையில் அக்குடும்பம் வாழ்ந்த காலத்தில்தான் அன்னை அவளைத் தேடி வந்தாள். வேலை இழந்தவர் வீட்டை அன்னை அறிவாள். பெரம்பூர் அவளுக்குப் புதிய இடமல்ல.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, பவள விழாவின் நினைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவிலுள்ள வீடுகளுக்குச் சென்று, அவ்வீட்டில் முதலில் இவ்வூருக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதி, கிறிஸ்து பிறப்புக்குள் பங்கு இல்லத்தில் சேர்க்க வேண்டும். பழைய பில்லை, சங்க அட்டை, சம்பளச் சீட்டு, புகைப்படம் ஏதேனும் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், நம்மிடம் காட்டுங்கள். படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். நம் குடும்பங்கள் பல வாடகை தாளாமல் செங்குன்றம், ஆவடி என்று குடிபெயர்ந்து வருகின்றன. போகிறவர்களோடு அவர்கள் கதையும் போய்விடலாகாது. நூற்றாண்டு விழாவில் பேசப்போகும் பங்குத் தந்தை நம்மைப் போல் விழிக்காமல் இருக்கட்டும்.

அந்தச் சிறுவன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். மெரினாவைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டான். தம்பி, உன் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு மூன்று மாதம் பிடித்தது. பெரம்பூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று இனி யாரேனும் கேட்டால், முதலில் உன் தாத்தாவின் கைகளைக் காட்டு. பிறகு மற்றவற்றைச் சொல்லு.

நாளை மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் வடம் பிடிக்க வாருங்கள். உழைத்துக் களைத்து உறங்குகிற நம் முன்னோருக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக. லூர்து அன்னையும், தொழிலாளரான புனித சூசையப்பரும் உங்கள் இல்லங்களைக் காத்து, உங்கள் கைவேலையை ஆசீர்வதிக்கும்படி மன்றாடுவார்களாக. ஆமென்.